புத்தகமா, ரெக்கார்டட் கோர்ஸா, லைவ் பேட்ச்சா, ஒரு பக்க செக்லிஸ்ட்டா? நம்ம அனுபவத்த எந்த வடிவத்துல வெளிய கொண்டு வர்றது

பத்து பதினஞ்சு வருஷம் ஒரே தொழில்ல இருந்தவங்க கிட்ட சுத்தி இருக்கறவங்க கண்டிப்பா ஒரு நாள் சொல்லுவாங்க, "இவ்ளோ விஷயம் தெரிஞ்சு வச்சிருக்கீங்க, இத ஒரு கோர்ஸா போடலாமே"ன்னு. நல்ல மனசோட தான் சொல்றாங்க. ஆனா அந்த ஒரு வரிக்குள்ள ரெண்டு முடிவு ஒட்டிக்கிட்டு வருது. நம்ம அனுபவத்துக்கு காசு குடுக்க ஆள் இருக்குங்கறது ஒண்ணு, அது கோர்ஸா தான் இருக்கணும்ங்கறது இன்னொண்ணு. முதல் விஷயம் பெரும்பாலும் சரி தான். ரெண்டாவத யாரும் உக்காந்து யோசிக்கறதே இல்ல, அதுல தான் நிறைய பேரோட ஆறு மாசம் கரைஞ்சு போகுது. என்னோட ஆறு மாசமும் அப்படி போச்சு, அதனால தான் இத எழுதறேன்.

என் வேலை காஸ்டிங், அதாவது செலவு கணக்கு. சின்ன சின்ன தயாரிப்பு யூனிட்டுகளுக்கு ஒரு ஜாப்புக்கு கொட்டேஷன் போடும்போது எத எத கணக்குல சேர்க்கணும், எங்க நஷ்டம் ஒளிஞ்சிருக்குன்னு பார்த்து சொல்றது. இத நான் 43 வீடியோவா எடுத்தேன். ஸ்லைடு, மைக், எடிட்டிங், ஒவ்வொரு வீடியோவும் ரெண்டு மூணு தடவ திருப்பி எடுத்தது, எல்லாம் சேர்த்து அரை வருஷத்துக்கு மேல. வாங்கினவங்க இருந்தாங்க, அது இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா டேஷ்போர்டுல பார்த்தா முக்கால்வாசி பேர் நாலாவது வீடியோவ தாண்டவே இல்ல. காசு வந்துது, ஆனா யாரோட கொட்டேஷனும் மாறல. மாறாதவங்க இன்னொருத்தர் கிட்ட போய் என் பேர சொல்ல போறதில்ல. அந்த எடத்துல தான் எனக்கு புரிஞ்சுது, ஒரு பொருள் விக்கறதும் அது நம்ம பேர வளக்கறதும் ஒண்ணு கிடையாதுன்னு.

அதனால கீழ ஒவ்வொரு வடிவத்தயும் ஒப்பிடும்போது நான் ரெண்டே விஷயம் தான் பாக்கறேன். இத வாங்கினவர் முடிச்சப்புறம் முன்னாடி செய்ய முடியாத எதையாவது செய்வாரா? அவர் செஞ்சது என் கண்ணுக்கு தெரியுமா? ரெண்டாவது கேள்விய நிறைய பேர் விட்டுடறாங்க, ஆனா எக்ஸ்பர்ட்னு பேர் வர்றது அங்க இருந்து தான். நம்மளால ஒருத்தருக்கு என்ன மாறுச்சுன்னு நமக்கே தெரியலன்னா அடுத்தவருக்கு எத வச்சு சொல்றது.

முதல்ல புத்தகம். மதிப்புன்னு பார்த்தா இன்னைக்கும் இதுக்கு ஈடு கிடையாது. "இந்த விஷயத்த பத்தி புத்தகம் எழுதியிருக்கார்"னு ஒருத்தர அறிமுகப்படுத்தும்போது எதிர்ல இருக்கறவர் உக்காந்திருக்கற விதமே மாறும், படிச்சிருக்கவே மாட்டார், இருந்தாலும் மாறும். அத போட்றதும் இப்ப சுலபம், அமேசான் கேடிபி மாதிரி தளத்துல நாமளே ஏத்திடலாம், பதிப்பகத்துக்காக காத்திருக்க வேண்டாம். ஆனா வருமானம்னு வந்தா கணக்க முன்னாடியே பார்த்துடுங்க. கேடிபில மின்புத்தகத்துக்கு 70% ராயல்டி வேணும்னா விலை 2.99 டாலர்ல இருந்து 9.99 டாலருக்குள்ள இருக்கணும், அதுக்கு மேலயோ கீழயோ போனா 35% தான். அதாவது ஒரு தொழில்காரருக்கு பெரிய நஷ்டத்த தடுக்கற விஷயத்த நீங்க எழுதியிருந்தாலும் அந்த கடைல அதுக்கு ஒரு கதை புத்தகத்தோட விலை தான். படங்களும் அட்டவணையும் நிறைய இருந்தா 70% திட்டத்துல ஃபைல் சைஸுக்கு ஏத்த மாதிரி டெலிவரி சார்ஜும் கழிப்பாங்க, இது டெக்னிக்கல் புத்தகம் எழுதறவங்களுக்கு கொஞ்சம் வலிக்கும். கேடிபி செலக்ட்ங்கற அவங்களோட தனி திட்டத்துல சேர்ந்தா 90 நாளைக்கு அந்த மின்புத்தகத்த வேற எங்கயும் விக்க முடியாது, உங்க சொந்த சைட்ல கூட. இத தெரியாம டிக் பண்ணிட்டு அப்புறம் முழிக்கறவங்க இருக்காங்க.

என்னோட பெரிய தயக்கம் காசு இல்ல. புத்தகம் எழுதிட்டா அது உறைஞ்சு போயிடும். படிச்சவர் எந்த பக்கத்துல சிக்கினார், எந்த உதாரணம் புரியல, எத செஞ்சு பார்த்து தப்பா போச்சு, எதுவும் நமக்கு திரும்பி வராது. ஏற்கனவே நூறு பேருக்கு நேர்ல சொல்லி சொல்லி எந்த வார்த்தை வேலை செய்யுதுன்னு தெரிஞ்சவங்க எழுதினா புத்தகம் பிரமாதமா வரும். முதல் முயற்சியா எழுதினா, மனசுல இருக்கற வரிசைல எழுதுவோம், படிக்கறவர் தடுமாறற வரிசைல எழுத மாட்டோம். அந்த வித்தியாசம் சின்னதா தெரியும், ஆனா புத்தகம் பாதில மூடப்படறதுக்கு காரணமே அது தான்.

ரெக்கார்டட் கோர்ஸுக்கு வரலாம். ஒரு தடவ எடுத்தா தூங்கும்போதும் விக்கும்னு சொல்லி தான் எல்லாரையும் இதுக்குள்ள இழுக்கறாங்க. எடுக்கறது ஒரு தடவ தான், உண்மை, ஆனா விக்கறது தினமும். உடெமி மாதிரி ஆன்லைன் கோர்ஸ் சந்தைல போட்டா நீங்க குடுத்த கூப்பன்லயோ லிங்க்லயோ வந்து வாங்கினா 97% உங்களுக்கு, உடெமியே ஆள பிடிச்சு கொண்டு வந்தா 37% உங்களுக்கு. இந்த ரெண்டு நம்பரயும் பக்கத்துல வச்சு பாருங்க, ஒரு வாடிக்கையாளர தேடி கொண்டு வர்றதுக்கு என்ன மதிப்புன்னு அவங்களே சொல்லிட்டாங்க. பாடம் நடத்தறத விட ஆள கொண்டு வர்றதுக்கு தான் பெரிய பங்கு போகுது. நமக்குன்னு ஒரு கூட்டம் இன்னும் இல்லன்னா 37% பக்கம் தான் நிப்போம், அதுவும் சலுகை விலைல ஆயிரம் கோர்ஸ் நடுவுல.

முடிக்கறவங்க எண்ணிக்கை இன்னும் கவலை தர்ற விஷயம். ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ்ங்கற ஆன்லைன் படிப்பு தளத்துல நடத்தின இலவச கோர்ஸுகளோட ஆறு வருஷ டேட்டாவ ஆராய்ஞ்சு 2019ல சயின்ஸ் இதழ்ல ஒரு கட்டுரை வந்துது. 2017-18ல சேர்ந்தவங்கள்ல முடிச்சவங்க 3.13%. ஆனா அதே கோர்ஸுல காசு கட்டி சான்றிதழ் வழில சேர்ந்தவங்கள மட்டும் எடுத்தா 46% முடிச்சிருக்காங்க. பாடம் ஒண்ணு, வாத்தியார் ஒண்ணு. காசு கட்டினதால தான் முடிச்சாங்கன்னு இத வச்சு அடிச்சு சொல்லிட முடியாது, முடிக்கணும்னு உறுதியா இருந்தவங்க தான் காசே கட்டியிருப்பாங்க. ஆனாலும் நமக்கு வேண்டிய விஷயம் இதுல இருக்கு, உறுதி எடுத்தவங்க மட்டும் உள்ள வர்ற மாதிரி வாசல வைக்கலன்னா வீடியோ எவ்ளோ நல்லா இருந்தாலும் பாதி வழில விட்டுட்டு போயிடுவாங்க. இன்னொண்ணும் கவனிங்க, அந்த காசு கட்டினவங்கள்லயும் பாதிக்கு மேல முடிக்கல. நேரம் குறிச்சு, எதிர்ல ஆள் இருந்து, "போன வாரம் சொன்னத செஞ்சீங்களா"ன்னு கேக்கறவர் இல்லாத எந்த படிப்புக்கும் இது தான் நிலைமை.

அப்ப ரெக்கார்டட் கோர்ஸ் வேண்டாமான்னா, அப்படி இல்ல. கைவேலை சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு, அதாவது ஒரு சாஃப்ட்வேர்ல எந்த பட்டன எப்ப அழுத்தணும், ஒரு துணிய எப்படி வெட்டணும் மாதிரி திரும்ப திரும்ப பார்த்து செய்யற விஷயத்துக்கு வீடியோ தான் சரியான வடிவம். நிறுத்தி நிறுத்தி பாக்கலாம். முடிவெடுக்கற விஷயத்துக்கு, உதாரணத்துக்கு எந்த ஆர்டர ஏத்துக்கணும், எத விடணும், யாருக்கு கடன் குடுக்கலாம்ங்கற மாதிரி விஷயத்துக்கு வீடியோ பத்தாது, ஏன்னா கேக்கறவரோட நிலைமை உள்ள வந்தா தான் பதிலே முழுசாகும்.

இப்ப நான் ரொம்ப நேரம் பேச போறது லைவ் பேட்ச், அதாவது ஒரு சின்ன குழுவுக்கு நேரலைல எடுக்கற வகுப்பு பத்தி, ஏன்னா என் தீர்ப்பு இதுல தான் நிக்குது. ஆரம்பிக்கறவங்க யாரா இருந்தாலும் முதல் பொருள் ஒரு சின்ன லைவ் பேட்ச்சா இருக்கட்டும்னு தான் சொல்லுவேன். எட்டு பேர், பத்து பேர் போதும். வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், ஆறு வாரம். ஸ்லைடு அழகா இருக்கணும்னு அவசியமே இல்ல.

என் முதல் பேட்ச்ல ரெண்டாவது வாரம் நடந்தத சொல்றேன். லேத் மிஷின் வச்சு ஜாப் வொர்க், அதாவது மத்த கம்பெனிகளுக்கு ஆர்டர் எடுத்து பாகம் செஞ்சு குடுக்கறவர் ஒருத்தர் தன்னோட எக்செல் ஷீட்ட ஸ்க்ரீன் ஷேர் பண்ணார். மெட்டீரியல் இருக்கு, கூலி இருக்கு, கரண்ட் இருக்கு, வாடகைய கூட பீஸ் கணக்குல பிரிச்சு போட்டிருந்தார், நல்ல ஒழுங்கான ஷீட்டு. நான் கேட்டேன், "கடைசியா டெலிவரி பண்ண ஆர்டர்ல எத்தன பீஸ் ரிஜெக்ட் ஆச்சு?" அவர் யோசிக்காம "ஒரு பன்னண்டு பதிமூணு இருக்கும் சார், அது எப்பவும் ஆகறது தான்"னார். "அது இந்த ஷீட்ல எந்த வரில இருக்கு?" கொஞ்ச நேரம் மவுஸ் மேலயும் கீழயும் போச்சு. அப்புறம் இன்னொருத்தர் மைக் ஆன் பண்ணி "சார், என் ஷீட்லயும் இல்ல"ன்னார், அவருக்கு பின்னாடி ஒரு மேடம் "எங்களோடதுலயும் இல்ல, ஆனா நாங்க ரீவொர்க் பண்ணி அனுப்பிடுவோம், அந்த கூலிய எங்கயும் எழுதறதில்ல"ன்னாங்க. எட்டு பேர்ல அஞ்சு பேர் ஷீட்ல ரிஜெக்ஷனுக்கு எடமே இல்ல.

என்னோட 43 வீடியோல ரிஜெக்ஷன் பத்தி எங்க இருந்துதுன்னு போய் பார்த்தேன். 31வது வீடியோ. அதுலயும் ஏழு நிமிஷம். எனக்கு அது பழகின சாதாரண விஷயம், அதனால கடைசில தள்ளி வச்சிருந்தேன். அவங்களுக்கு அது தான் பணம் ஒழுகற ஓட்டை. நமக்கு எது ரொம்ப சாதாரணமா தெரியுதோ அது தான் பல சமயம் அடுத்தவருக்கு விலை மதிப்புள்ள விஷயம், அத நாம தனியா ரூம்ல உக்காந்து யோசிச்சு கண்டுபிடிக்கவே முடியாது, ஏன்னா நமக்கு தெரியாத காலத்த நாமளே மறந்துட்டோம்.

இன்னொரு கேள்வி நாலாவது வாரம் வந்துது, "சார், மிஷின் சும்மா நிக்கற நேரத்த யாரோட கணக்குல எழுதறது?" எவ்ளோ துல்லியமான கேள்வி பாருங்க. நான் அதுக்கு புத்தக பாஷைல ஒரு பேர் வச்சு நடத்திட்டு இருந்தேன், அவர் பாஷைல அது ஒரு கேள்வி. அன்னைலேந்து அந்த பாடத்துக்கு தலைப்பே அவர் கேட்ட கேள்வி தான். விளம்பரத்துல அந்த ஒரு வரிய போட்டப்ப வந்த விசாரிப்பு என் பழைய தலைப்புக்கு எப்பவும் வந்ததே இல்ல. தனித்தன்மை தனித்தன்மைன்னு சொல்றாங்களே, அது லோகோலயும் கலர்லயும் இல்ல, வாங்கறவர் வாய்ல இருந்து வந்த கேள்விய அப்படியே எடுத்து வச்சுக்கறதுல தான் பாதி இருக்கு.

லைவ்ல கஷ்டமும் இருக்கு. உடம்பு முடியாத அன்னைக்கும் வரணும். பத்து பேருக்கு மேல போனா எல்லாரோட ஷீட்டயும் பாக்க நேரம் பத்தாது, அதனால வருமானத்துக்கு ஒரு கூரை இருக்கு. ரெண்டு பேர் மட்டுமே பேசிட்டு மிச்ச பேர் அமைதியா இருக்கற பேட்ச்சும் வரும், அத சமாளிக்க தனி பழக்கம் வேணும். ஆனா விலை? அதே விஷயத்துக்கு புத்தகத்த விட பல மடங்கு கேக்கலாம், குடுப்பாங்க, ஏன்னா அவங்க வாங்கறது தகவல இல்ல, தன்னோட சொந்த ஷீட்ட ஒருத்தர் பார்த்து சொல்றத. இன்னொரு பெரிய லாபம், காச முதல்ல வாங்கிட்டு அப்புறம் தயாரிக்கலாம். அஞ்சு பேர் கூட காசு கட்ட வரலன்னா ஆறு மாசம் வீணாகறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும், கட்டினவங்களுக்கு திருப்பி குடுத்துட்டு தலைப்ப மாத்திக்கலாம். "நல்லா இருக்கு, போடுங்க, வாங்கறேன்"னு வாயால சொல்றத மட்டும் நம்பி இறங்காதீங்க.

அடுத்தது ஒரு பக்க செக்லிஸ்ட், டெம்ப்ளேட், கால்குலேட்டர் ஷீட் வகை. இத இலவசமா அனுப்பற சின்ன இணைப்புன்னு நினைச்சு ஒதுக்கறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. 1935 அக்டோபர்ல அமெரிக்காவுல போயிங்கோட மாடல் 299 விமானம் சோதனை ஓட்டத்துல விழுந்து நொறுங்கிச்சு. மிஷின்ல கோளாறு இல்ல, தரைல நிக்கும்போது போட்டு வைக்கற ஒரு லாக்க எடுக்காமயே கிளம்பிட்டாங்க, ஓட்டினவர் ரொம்ப அனுபவசாலி. அதுக்கப்புறம் பைலட்டுங்க இன்னும் பெரிய பயிற்சி புத்தகம் எழுதல, கிளம்பறதுக்கு முன்னாடி பாக்க ஒரு சின்ன பட்டியல் போட்டாங்க. தெரிஞ்சவங்களே மறக்கற விஷயத்துக்கு பாடம் பதில் இல்ல, பட்டியல் தான் பதில்.

2008ல உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷன் தியேட்டருக்குன்னு 19 விஷயம் கொண்ட ஒரு பக்க செக்லிஸ்ட் வெளியிட்டுச்சு. எட்டு ஆஸ்பத்திரில சோதிச்சு 2009ல வந்த முடிவுல இறப்பு 1.5%லேந்து 0.8%க்கு இறங்கியிருந்துது, சிக்கல்கள் 11%லேந்து 7%க்கு. ஒரு தாள். ஆனா கதை இதோட முடியல. கனடாவுல ஆன்டாரியோ மாகாணத்துல 101 ஆஸ்பத்திரில இந்த மாதிரி செக்லிஸ்ட் நடைமுறைக்கு வந்தப்புறம் ஆராய்ஞ்சு 2014ல வந்த கட்டுரைல குறிப்பிடும்படியான முன்னேற்றமே இல்ல. ஏன்னு டாக்டருங்க நடுவுல நிறைய விவாதம் நடந்துச்சு, அதுல முக்கியமா பேசப்பட்டது, பேப்பர குடுத்துட்டா போதாது, அத எப்படி, யார், எந்த நேரத்துல வாய்விட்டு படிக்கணும்னு அந்த டீமே பழகணும்ங்கறது தான். எனக்கு இது ரொம்ப முக்கியமா படுது. செக்லிஸ்ட தனியா வித்தா அது ஒரு பிடிஎஃப், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல போய் தூங்கும். லைவ்ல உக்காந்து தன்னோட சொந்த வேலைல ஒரு தடவ ஓட்டி பார்த்துட்டு கைல வாங்கிட்டு போனா அது சுவத்துல ஒட்டப்படும்.

என்னோட "கொட்டேஷன் அனுப்பறதுக்கு முன்னாடி 11 கேள்வி" தாள் அப்படித்தான் மூணாவது பேட்ச்ல பொறந்துது. ரிஜெக்ஷன் எத்தன, செட்டிங் நேரம், அதாவது மிஷின அந்த வேலைக்கு தயார் பண்ற நேரம் எவ்ளோ, கொஞ்ச பீஸே உள்ள சின்ன லாட்டா இருந்தா அந்த செட்டிங் எத்தன பீஸுக்கு பிரியுது, பணம் எத்தன நாள்ல வரும், இப்படி. கொஞ்ச மாசம் கழிச்சு எனக்கு அறிமுகமே இல்லாத ஒருத்தர் போன் பண்ணி "சார், எங்க கஸ்டமர் ஒருத்தர் ஒரு பேப்பர் அனுப்பினார், கீழ உங்க பேரும் நம்பரும் இருக்கு, இது நீங்க போட்டதா, எங்க யூனிட்டுக்கு வந்து பாக்க முடியுமா?"ன்னு கேட்டார். 43 வீடியோ ஒரு தடவ கூட கொண்டு வராத போன் அது. வீடியோவ யாரும் அடுத்தவருக்கு அனுப்ப மாட்டாங்க, லாகின் கேக்கும், நீளமா இருக்கும். ஒரு தாள் கை மாறும். அதனால தாள்ல உங்க பேரும் தொடர்பும் எந்த தேதில போட்ட பதிப்புங்கறதும் கண்டிப்பா இருக்கட்டும்.

தொடர்ந்து எழுதற நியூஸ்லெட்டர், சின்ன கட்டுரை, இதயும் ஒப்பீட்டுல சேர்க்கணும், ஏன்னா பேர் வளக்கறதுக்குன்னு பார்த்தா இது மெதுவா, ஆனா ஆழமா வேலை செய்யும். பாஸ்டன் கன்சல்டிங் க்ரூப்ங்கற தொழில் ஆலோசனை கம்பெனிய ப்ரூஸ் ஹெண்டர்சன் 1963ல ஆரம்பிச்சப்ப அது சின்ன அமைப்பு. 1964லேந்து அவங்க கம்பெனி தலைவருங்களுக்கு ரெண்டு மூணு பக்க கட்டுரைகள அனுப்ப ஆரம்பிச்சாங்க, ஒரு கட்டுரைக்கு ஒரே ஒரு கருத்து. 1970ல வந்த ஒண்ணுல தான் அந்த நாலு கட்டம், சந்தை எவ்ளோ வேகமா வளருது, அதுல நம்ம பங்கு எவ்ளோன்னு பார்த்து ஒவ்வொரு தொழிலயும் ஸ்டார், கேஷ் கவ்னு பிரிக்கற படம். இன்னைக்கும் எம்பிஏ படிக்கறவங்க அத வரையறாங்க. அந்த படத்த எல்லாரும் இலவசமா எடுத்துக்கிட்டாங்க, ஆனா சந்தேகம் வந்தா யார கூப்பிடுவாங்க?

இதுல கவனிக்க வேண்டியது, அவங்க தகவல குடுக்கல, பாக்கற ஒரு வழிய குடுத்தாங்க, அதுக்கு ஒரு பேரயும் வச்சாங்க. பேர் வச்ச கருத்து தான் அடுத்தவர் வாய்ல நிக்கும். உங்களுக்கு அந்த மாதிரி ஒரு வழி இன்னும் உருவாகலன்னா வலிஞ்சு ஒண்ணு பண்ணாதீங்க, மூணு எழுத்து சுருக்கம் வச்சு கட்டாயமா ஒரு ஃபார்முலா பண்றவங்கள பார்த்திருப்பீங்க, அது ஒட்டாது. பத்து பேரோட கேஸ பார்த்தப்புறம் தானா ஒரு வரிசை தெரியும், அப்ப பேர் வைங்க.

நியூஸ்லெட்டர்ல காசுன்னு பார்த்தா சப்ஸ்டாக் மாதிரி எடத்துல சந்தா பணத்துல 10% அவங்களுக்கு, அது போக கார்டு கட்டணம் தனி. நல்ல விஷயம் என்னன்னா படிக்கறவங்களோட இமெயில் பட்டியல நீங்க எப்ப வேணா எடுத்துட்டு வெளிய வரலாம். சோஷியல் மீடியா ஃபாலோயர அப்படி கூட்டிட்டு வர முடியாது. ஆனா சந்தா வாங்கிட்டா வாரா வாரம் எழுதியே ஆகணும், அந்த பாரம் உங்களுக்கு சந்தோஷமா இருக்குமான்னு முன்னாடியே மூணு மாசம் இலவசமா எழுதி பார்த்துக்கறது நல்லது.

இலவசமா, காசா அப்படிங்கற கேள்விக்கு நிறைய பேர் ஒரே பதில் சொல்றாங்க, எனக்கு அப்படி தோணல. டயர் கம்பெனியான மிஷலின் 1900ல கார் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு வழிகாட்டி புத்தகத்த இலவசமா குடுத்துது, மேப், டயர் மாத்தற முறை, ரிப்பேர் கடை, தங்கற எடம் எல்லாம் அதுல இருந்துது. முதல் பதிப்பே சுமார் 35,000 பிரதி. 1920லேந்து அதுக்கு காசு வாங்க ஆரம்பிச்சாங்க. இருபது வருஷம் இலவசமா குடுக்க ஒரு டயர் கம்பெனியால முடியும், ஏன்னா அவங்களுக்கு காசு டயர்ல வருது. உங்களுக்கு பின்னாடி விக்க ஒரு சேவை இருந்தா, ஆலோசனையோ பெரிய பேட்ச்சோ, அப்ப தாள இலவசமா பரவ விடுங்க. பின்னாடி எதுவும் இல்லாம இலவசமா குடுத்துட்டே இருந்தா நீங்க தான் களைச்சு போவீங்க.

காப்பி அடிச்சுடுவாங்களோங்கற பயம் எல்லாருக்கும் வருது. பொதுவா எந்த நாட்டுலயும் காப்பிரைட் காப்பாத்தறது நீங்க எழுதின வார்த்தையயும் வரைஞ்ச படத்தயும், அதுக்கு பின்னாடி இருக்கற ஐடியாவ இல்ல. அறிவுசார் சொத்து பத்தி நாடுகள் போட்ட டிரிப்ஸ் ஒப்பந்தத்துலயே அப்படித்தான் எழுதியிருக்கு. அதாவது உங்க 11 கேள்விய வேற வார்த்தைல ஒருத்தர் போட்டா தடுக்கறது கஷ்டம். உங்க முறைக்கு வச்ச பேர வேணா டிரேட்மார்க்கா பதிவு பண்ணலாம். ஆனா எடுக்க முடியாத விஷயம் ஒண்ணு இருக்கு, நீங்க பார்த்த கேஸுகள். எந்த யூனிட்ல என்ன கேட்டேன், என்ன சொன்னாங்க, மாத்தினப்புறம் மூணு மாசத்துல என்ன ஆச்சுன்னு ஒரு நோட்டுல தேதியோட எழுதிட்டு வாங்க, பேர் வெளிய விடாம, அவங்க அனுமதியோட. 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்ததுக்கு அப்புறம் "காஸ்டிங்னா என்ன" ரக பாடம் யாருக்கும் ஒரு நிமிஷத்துல இலவசமா கிடைக்குது, அந்த மாதிரி பொது விஷயத்த தொகுத்து 120 பக்க மின்புத்தகம் போடறத இப்ப நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். உங்க நோட்டுல இருக்கறது வேற எங்கயும் இல்ல, கேட்டாலும் வராது.

சரி, யாருக்கு எது. உங்களுக்குன்னு ஒரு கூட்டம் இல்ல, ஆனா தொழில்ல அனுபவம் இருக்குன்னா எட்டு பேர் லைவ் பேட்ச், வேற யோசனையே வேண்டாம். மூணு பேட்ச் நடத்துங்க, கேள்வி எல்லாத்தயும் எழுதி வைங்க, மூணுலயும் திரும்ப வந்த கேள்விய எடுத்து ஒரு தாளா மாத்துங்க. அதுக்கப்புறம் பேட்ச்ல ஒவ்வொரு தடவயும் நீங்க அலுப்பா திரும்ப சொல்ற அடிப்படை பகுதிய மட்டும் வீடியோவா எடுத்து முன்கூட்டியே பாக்க சொல்லுங்க, லைவ் நேரம் முழுக்க அவங்க ஷீட்டுக்கு கிடைக்கும். என் 43 வீடியோல இப்ப 9 தான் உயிரோட இருக்கு, அதுவும் இந்த வேலைக்கு தான், அத முடிச்சா தான் அடுத்த செஷன்ங்கறதால பாக்கறாங்க. புத்தகம் கடைசி. அப்ப எழுதறது கஷ்டமாவே இருக்காது, ஏன்னா அத்தியாயம் எல்லாம் ஏற்கனவே கேள்வியா கைல இருக்கும்.

முழுநேர வேலைல இருக்கீங்க, வாரத்துக்கு மூணு மணி நேரம் தான் கிடைக்கும்னா லைவ் பேட்ச்சுக்கு முன்னாடி நியூஸ்லெட்டர்ல ஆரம்பிக்கலாம், ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, ஒரு கேஸ், ஒரு கருத்து, படிச்சுட்டு பதில் எழுதறவங்க தான் உங்க முதல் எட்டு பேர். வேலை பார்க்கற கம்பெனியோட ஒப்பந்தத்துல வெளில சம்பாதிக்கறத பத்தியும் ரகசிய தகவல பத்தியும் என்ன எழுதியிருக்குன்னு முதல்லயே படிச்சுடுங்க. ஏற்கனவே மேடைல பேசறவர், நிறைய பேருக்கு தெரிஞ்சவர்னா புத்தகத்த முன்னாடி கொண்டு வரலாம், உங்க கிட்ட கேள்விகள் ஏற்கனவே குவிஞ்சிருக்கும். கூச்ச சுபாவம், கேமராவும் வேண்டாம் கூட்டமும் வேண்டாம்னா ஒருத்தர் ஒருத்தரா நாலு பேரோட உக்காந்து அவங்க வேலைய பாருங்க, கட்டணம் வாங்கிட்டு தான். அதுலேந்து ஒரு கால்குலேட்டர் ஷீட் வரும், அது அமைதியா தன் பாட்டுக்கு பேர் சம்பாதிச்சு குடுக்கும்.

எத தேர்ந்தெடுத்தாலும் தலைப்ப குறுக்குங்க. "காஸ்டிங் கத்துக்கோங்க"ன்னு நான் சொல்லிட்டு இருந்தப்ப யாருக்கும் அது தனக்குன்னு தோணல. "சின்ன லாட் ஜாப் வொர்க்குக்கு கொட்டேஷன் போடறவங்களுக்கு"ன்னு மாத்தினப்ப ஆள் குறையும்னு பயந்தேன், வந்தவங்க எண்ணிக்கை கூடிச்சு, வந்தவங்க கேட்ட கேள்வியும் எனக்கு பதில் தெரிஞ்ச கேள்வியாவே இருந்துது. அடுத்த பேட்ச்சுக்கு இப்ப பேர் குடுத்திருக்கறவங்கள்ல மூணு பேர் அந்த தாள சுவத்துல பார்த்துட்டு வந்தவங்க, அதுல ஒருத்தர் பன்னண்டாவதா ஒரு கேள்விய தானே பேனால எழுதி சேர்த்து போட்டோ எடுத்து அனுப்பியிருக்கார், "கஸ்டமர் டிராயிங்க நடுவுல மாத்தினா யார் காசு?"ன்னு. அடுத்த பதிப்புல அது இருக்கும்.